கட்டுண்ட இறைவன்: இரட்சணிய யாத்திரிகத்தில் இழப்பும் மீட்பும்

முனைவர் பட்ட ஆய்வாளர், தமிழியல் துறை, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அண்ணாமலை நகர்

ஆய்வுச்சுருக்கம்

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) மீட்பை நாடிச் செல்லும் மனிதனின் பயணக் காப்பியமாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வருகிறது. அதன் குமார பருவம் இப்பயணத்தின் திசையை மாற்றி, இழந்ததைத் தேடிவரும் இறைவனைக் காப்பியத்தின் நடுவே நிறுத்துகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது. 'கெடு' என்னும் வினையின் பழம்பொருள், ஸ்ரீவைணவத்தின் அருட்கோட்பாடு, கம்பரின் மீட்சிப் படலம், தில்லையின் நந்தனார் வரலாறு ஆகியவை ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், கிருஷ்ணபிள்ளை, மீட்பு, கெட்ட குமாரன், நிர்ஹேதுக கிருபை, மீட்சிப் படலம், நந்தனார்

'கெட்ட' என்னும் சொல்

லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் மூன்று உவமைகள் அடுத்தடுத்து வருகின்றன. நூறு ஆடுகளில் ஒன்றை இழந்த மேய்ப்பன், பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்றை இழந்த பெண், இரண்டு மகன்களில் ஒருவனை இழந்த தந்தை ஆகிய மூவரைப் பற்றியவை அவை. மூன்றாவது உவமை தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினரின் வழக்கில் 'கெட்ட குமாரன்' கதை என்றும், கத்தோலிக்கர் வழக்கில் 'ஊதாரி மைந்தன்' கதை என்றும் பெயர்பெற்றது. 1995ஆம் ஆண்டின் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'காணாமற்போன மகன்' என்று தலைப்பிட்டது. தலைப்பு மாறும்போது கதையின் மையமும் நகர்வதைக் காணலாம். ஊதாரி என்றால் குற்றம் செலவழித்தவனுடையது. காணாமற்போனவன் என்றாலோ, அவனைக் காணாமல் தவிக்கும் ஒருவர் எங்கோ இருந்தாக வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது 'கெட்ட' என்னும் சொல். இன்றைய செவிக்கு அது ஒழுக்கம் கெட்டவனையே உணர்த்துகிறது. ஆனால் 'கெடு' என்னும் வினைக்கு இழத்தல், தொலைத்தல் என்னும் பொருள்கள் பழந்தமிழில் உண்டு. அகநானூற்றில் வெள்ளிவீதியார், காவிரி வௌவிய ஆட்டனத்தியைத் தேடி அலைந்த ஆதிமந்தியைக் காதலனைக் 'கெடுத்த'வள் என்றே குறிக்கிறார். அவள் அவனைத் தீய வழியில் செலுத்தியவள் அல்லள், இழந்தவள். இழந்ததனால் பேதுற்றுத் திரிந்தவள். இப்பொருளில் வாசித்தால் கெட்ட குமாரன் என்பான் தந்தையால் இழக்கப்பட்ட குமாரன் ஆவான். மூலக் கிரேக்கத்தில் இவ்வதிகாரம் முழுவதும் பயின்றுவரும் வினையும் அழிதல், தொலைதல் ஆகிய இரு பொருள்களையும் தாங்குவதே. அவ்விரட்டைப் பொருளை ஒரே சொல்லால் ஏற்கத்தக்க வளம் தமிழுக்கு இருந்தது. அச்சொல்லின் ஒரு பாதி வழக்கொழிந்தபோது உவமையின் ஒரு பாதியும் உடன்சென்றது என்றே தோன்றுகிறது.

(இக்கதைக்கு மொழியியல் வரலாற்றிலும் ஓர் இடமுண்டு. கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவீடு, நாட்டின் மொழிகளையும் கிளைமொழிகளையும் ஒப்பிட இவ்வுவமையின் மொழிபெயர்ப்பையே பொது மாதிரியாகத் தேர்ந்தது. மூவிடப் பெயர்களும், பெரும்பாலான வேற்றுமைகளும், முக்காலமும் அதில் அமைந்திருந்தமையே காரணம். தந்தையின் கண்ணீர் அவ்வளவீட்டின் கணக்கில் இல்லை.)

ஆக, மீட்பைப் பேசும் எந்தத் தமிழ்ப் பனுவலிடமும் கேட்கத்தக்க கேள்வி ஒன்று எழுகிறது. இழப்பு யாருடையது? தொலைந்தவனுடையதா, தொலைத்தவருடையதா? கிருஷ்ணபிள்ளையின் காப்பியத்தை இக்கேள்வியோடு அணுகலாம்.

பன்யனின் வழியும் குமார பருவமும்

1827இல் திருநெல்வேலிப் பகுதியின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, கம்பராமாயணப் பயிற்சி மிக்க சூழலில் வளர்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய பின், 1858இல் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவரானார். அவர் மறைந்தது 1900இல். ஜான் பன்யனின் 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' (1678) என்னும் உரைநடை உருவகத்தைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 3766 பாடல்களைக் கொண்டது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என ஐந்து பருவங்களாக அது பகுக்கப்பட்டுள்ளது. 'கிறித்தவக் கம்பர்' என்னும் பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. ஆயினும் காப்பியத்தின் பெரும்பிரிவுகளுக்கு அவர் கம்பரின் 'காண்டம்' என்னும் பெயரைக் கொள்ளவில்லை. ஆதி பருவம், ஆரணிய பருவம் என்பன பாரதத்தின் பெயர்கள். உட்பிரிவுகளே கம்பரைப் பின்பற்றிப் 'படலம்' எனப் பெயர்பெற்றன. கம்பரிடம் அவர் பெற்றது சந்தமும் சொல்லாட்சியும் மட்டும் என்று கருதுவோர் இதனைக் கருத்தில் கொள்ளலாம். அவர் எதை எங்கிருந்து எடுக்கிறார் என்பதில் ஒரு தெரிவு செயல்படுகிறது.

பன்யனின் கதை தேடிச் செல்பவனின் கதை. அழிவுக்குரிய நகரில் வாழும் ஒருவன் முதுகில் சுமையோடு புறப்படுகிறான். மனைவி மக்கள் அழைக்கக் கேளாதபடி காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். சேற்றுப்பள்ளம், மலை, பள்ளத்தாக்கு, சந்தை, கோட்டைச்சிறை, ஆறு எனக் கடந்து விண்ணக நகரை அடைகிறான். சிலுவை இந்நெடுவழியில் ஓர் இடம். அதன் முன் வந்து நின்றதும் அவன் சுமை தானே கழன்று கல்லறைக்குள் உருண்டு மறைகிறது. எளிமையும் ஆற்றலும் உடைய காட்சிதான். எனினும் சில பத்திகளில் கதை அதனைக் கடந்துவிடுகிறது. வாசகனின் கண் பயணியைவிட்டு அகல்வதில்லை.

கிருஷ்ணபிள்ளை இவ்விடத்தில் கடந்து செல்ல மறுத்தார். குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என ஒரு படலத்தை அமைத்து, இயேசு பிடிபட்டதையும் ஆளுநர் முன் நிறுத்தப்பட்டதையும் இகழப்பட்டதையும் கொல்லப்பட்டதையும் நற்செய்தி நூல்களின் வழிநின்று விரித்துரைத்தார். மூலத்தில் இவ்வளவு விரிவுக்கு இடமில்லை. இதனைக் கதையோட்டத்தைத் தடுக்கும் இடைச்செருகல் என்று கொள்வதற்கு வாய்ப்புண்டு. கட்டமைப்பை மட்டும் நோக்கின் அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆனால் இப்படலத்தில்தான் காப்பியத்தின் வினைமுதல் மாறுகிறது. அதுவரை நடந்தவன் மனிதன். இங்கே நடப்பவர் இறைமகன், நடத்தப்படுபவரும் அவரே. ஓர் ஆன்மா இறைவனை நோக்கிச் சென்ற பயணத்தின் நடுவே, அதற்கு முன்பே இறைவன் அவ்வான்மாவை நோக்கி மேற்கொண்ட பயணம் சொல்லப்படுகிறது.

இலக்கியத் தரத்திலும் இப்பகுதி தனித்து நிற்கிறது. குணங்களும் குற்றங்களும் பெயர்பூண்டு ஊர்வலம் வரும் உருவகப் படலங்கள் பல, இன்றைய வாசகனுக்கு அயர்ச்சி தருவன. பெயரைக் கேட்டவுடனே அந்தப் பாத்திரம் என்ன செய்யும் என்பது தெரிந்துவிடுகிறது. இரட்சணிய சரிதப் படலத்தில் உருவகம் விலகுகிறது, உடல் வருகிறது.

கயிறும் அன்பும்

அப்படலத்தில், மேல்நிலைப் பள்ளிப் பாடநூல் வழியாகவும் இன்று பலர் அறிந்த பாடல் ஒன்று உள்ளது. இறைமகனைக் கயிற்றால் பிணித்து நிறுத்தியிருக்கிறார்கள். கவிஞர் கேட்போரை நோக்கி, அவரைக் கட்டியிருப்பது கயிறு என்று எண்ணாதீர்கள் என்கிறார். தம்மைப் பகைத்த இழிந்த மனிதரை நினைந்து உருகும் அன்பே அவரைப் பிணித்திருக்கிறது. அப்பிணிப்பை அகற்ற வழியின்றி அவர் ஓர் ஏழையைப் போல் ஒடுங்கி நிற்கிறார் என்பது பாடலின் கருத்து.

இங்கே கயிற்றைக் குறிக்கக் கிருஷ்ணபிள்ளை ஆளும் சொல் 'பாசம்'. தமிழ்ச் சமய மரபில் இச்சொல் வெறுங்கயிறு அன்று. சைவ சித்தாந்தத்தின் முப்பொருள்களில் பாசம் உயிரைக் கட்டுவது. பதி கட்டற்றவன், கட்டை அறுப்பவன். உமாபதி சிவம் வாழ்ந்த கொற்றவன்குடி அண்ணாமலை நகருக்கு அருகில்தான் உள்ளது. அப்பெயரை அறிந்த எவருக்கும் இச்சொல் எழுப்பும் எதிர்பார்ப்பு இதுவாகவே இருக்கும். கிருஷ்ணபிள்ளையின் பாடலில் கட்டுண்டு நிற்பவர் பதி. அவரைக் கட்டியது பாசமா என்று கேட்டு, இல்லை என மறுத்து, அன்பு என்று விடைதருகிறார் கவிஞர். பேச்சுவழக்கில் பாசமும் அன்பும் ஒன்றே என்பதையும் சேர்த்து எண்ணினால், ஒரு சொல்லின் மூன்று பொருளடுக்குகள் இங்கே ஒன்றோடொன்று உராய்வதை உணரலாம்.

இப்படிமத்தின் ஊற்று எது? நற்செய்தி நூல்களில் இயேசு கட்டப்பட்ட செய்தி உண்டு. கட்டியது அன்பு என்னும் விளக்கம் அங்கே இவ்வடிவில் இல்லை. வைணவப் பின்னணி உடைய கவிஞருக்கு, கயிற்றால் கட்டுண்ட கடவுள் முன்பே அறிமுகமானவர். வெண்ணெய் களவாடியதற்காக யசோதை கண்ணனை உரலோடு பிணித்த நிகழ்ச்சி ஆழ்வார் பாடல்களில் மீள மீள வருவது. அவ்வெளிமையை நினைந்து நம்மாழ்வார் ஆறு மாதம் மயங்கிக் கிடந்தார் என்பது வைணவ மரபு. மதுரகவியின் பதிகமோ தன் பெயரிலேயே அக்கயிற்றைத் தாங்கியுள்ளது. உலகைக் கட்டுபவன் ஓர் ஆய்ச்சியின் தாம்புக்குக் கட்டுப்பட்டது அவள் அன்புக்குக் கட்டுப்பட்டதே என்னும் விளக்கம் வைணவ உரைமரபில் ஊறியது. கிருஷ்ணபிள்ளை கண்ணனை மனத்தில் வைத்தே இப்பாடலைப் புனைந்தார் என்று இக்கட்டுரை துணியவில்லை. இப்படிமத்தை இவ்வாறு காணும் கண்ணை அவருக்கு அளித்தது அம்மரபு என்று கொள்வது பொருந்தும்.

ஒற்றுமையைவிட வேற்றுமை முக்கியமானது. கண்ணனைக் கட்டியவள் தாய். கயிறும் அன்பு, கட்டிய கையும் அன்பு. யாத்திரிகத்தில் கட்டிய கை பகைவருடையது. அன்பு ஒரு புறத்தில் மட்டுமே இருக்கிறது. ஆய்ப்பாடிக் கயிறு மாலைக்குள் அவிழ்ந்துவிடும் விளையாட்டுக் கயிறு. இக்கயிறு கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்வது. பகைத்தவர் என்னும் ஓர் அடைமொழியால் வைணவத்தின் எளிமை என்னும் கருத்து பவுலின் இறையியலாக உருமாறுகிறது. மனிதர் பாவிகளாகவும் பகைவராகவும் இருக்கையிலேயே கிறிஸ்து அவர்களுக்காக இறந்தார் என்பது உரோமையர் மடலின் வாதம். அவ்வாதத்தைக் கிருஷ்ணபிள்ளை ஒரு கயிற்றுக்குள் முடிந்துவிட்டார்.

உடையவனின் இழப்பு

அருள் எவ்வாறு செயல்படுகிறது என்பதைத் தமிழ் வைணவம் நெடுங்காலம் வாதித்தது. வடகலையார் கூறும் குரங்குக்குட்டி நியாயத்தில், தாயைப் பற்றிக்கொள்ளும் சிறு முயற்சியேனும் குட்டியிடம் வேண்டும். தென்கலையார் கூறும் பூனைக்குட்டி நியாயத்தில் தாயே கவ்விச் செல்கிறது. இவ்வளவு பலரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாதது பிள்ளை லோகாசாரியரின் சிந்தனையில் உள்ள மற்றொரு துணிவு. உயிர் இறைவனின் உடைமை. உடைமையை இழந்தால் இழப்பு உடையவனுக்கே. எனவே உயிரைப் பெறுதல் இறைவனின் பேறு. மீட்பினால் ஆதாயம் அடைபவர் கடவுள்! ஈன்ற பசு கன்றின் உடல்மேல் உள்ள அழுக்கை விரும்பி நக்குவதுபோல், உயிரின் குற்றத்தையும் இறைவன் இனிதாகக் கொள்கிறான் என்னும் அளவுக்கு இம்மரபு சென்றது. லூக்காவின் மேய்ப்பன் ஆட்டைத் தோளில் ஏற்றிவந்து அண்டை அயலாரை அழைத்து மகிழ்வதும், காசைக் கண்டெடுத்த பெண் தோழியரைக் கூட்டுவதும் இதே தர்க்கத்தில் இயங்குகின்றன. மகிழ்ச்சி ஆட்டுக்கோ காசுக்கோ அன்று.

இராமாயணமே சிறையிருந்தவளின் ஏற்றத்தைச் சொல்ல எழுந்தது என்று ஸ்ரீவசனபூஷணம் வாசித்தது. இழந்தவளைத் தேடிக் காடும் கடலும் கடக்கும் இறைவனின் கதையாக அக்காப்பியம் வைணவருள் நிலைபெற்றிருந்தது. கிறித்தவக் கம்பர் என்னும் பட்டத்துக்கு உண்மையான பொருள் இங்கேதான் இருக்கக்கூடும். தேடும் கடவுளைக் கதைத்தலைவனாக்குவது எப்படி என்பதை அவர் கம்பரிடம் பயின்றிருந்தார்.

தேடுதல் ஒருபுறம் இருக்க, கண்டடைந்த பின் என்ன நிகழ்கிறது என்பதில் வழிகள் பிரிகின்றன. கம்பர் தம் யுத்த காண்டத்தின் ஒரு படலத்துக்கு மீட்சிப் படலம் என்றே பெயரிட்டார். மீட்கப்பட்ட சீதை அப்படலத்தில் இராமனின் கடுஞ்சொற்களைக் கேட்கிறாள், தீயில் இறங்குகிறாள், அவள் தூய்மைக்குத் தீக்கடவுளே சான்றாகிறான். மீட்சி என்னும் சொல் தமிழ்க் காப்பிய மரபில் தீயின் நெடியோடு வருகிறது. லூக்காவின் உவமையில் மகன் ஒரு வாக்குமூலத்தை வழிநெடுக மனனம் செய்து வருகிறான். கூலிக்காரருள் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி கேட்பது அதன் இறுதிப்பகுதி. அப்பகுதியைத் தந்தை சொல்லவிடவில்லை. அதற்குள் ஆடை வருகிறது, மோதிரம் வருகிறது, விருந்து தொடங்குகிறது. சோதனை ஏதும் இல்லை. கிருஷ்ணபிள்ளை தம் காப்பியத் தலைப்புக்கு மீட்சி என்னும் சொல்லை விடுத்து வடமொழி வழிவந்த இரட்சணியத்தைத் தேர்ந்தது அக்காலத் திருச்சபை வழக்கினால் எனலாம். ஆயினும் கம்பரில் தோய்ந்த ஒருவருக்கு மீட்சி என்றதும் எரியும் விறகு நினைவுக்கு வந்திராதா என்பதை எண்ணாமல் இருக்க இயலவில்லை.

திருவதிகை, தில்லை, வடக்கன்குளம்

இழந்தவர் யார் என்னும் கேள்வியைக் கடலூர் மாவட்டத்தில் நின்று கேட்பவர் திருவதிகையைத் தவிர்க்க முடியாது. சேக்கிழார் கூறும் வரலாற்றில் மருள்நீக்கியார் பாடலிபுத்திரமாகிய திருப்பாதிரிப்புலியூரில் சமணரோடு சேர்ந்து தருமசேனர் ஆகிறார். அவரை இழந்து வருந்துபவர் தமக்கை திலகவதியார். அவர் வேண்டுதலுக்கு இரங்கிய சிவபெருமான் சூலைநோய் தந்து ஆட்கொள்கிறார். ஆட்கொள்ளுதல் என்னும் சொல்லில் உடையவனின் உரிமை ஒலிக்கிறது. இழப்பின் வலியோ தமக்கையிடம் இருக்கிறது.

ஆனால் தருமசேனரை இழந்த சமணர் தரப்பு? ஒரு மரபின் மீட்பு மற்றொரு மரபின் இழப்பாகும் இந்த நெருடல் கிருஷ்ணபிள்ளை வாழ்விலும் உண்டு. திருமுழுக்குப் பெற்ற நாளில் திருச்சபை அவரைக் கண்டெடுத்ததாகக் கருதியிருக்கும். அவர் பிறந்த சமயத்தை விடாதோரின் பார்வையில் அவரே கெட்ட குமாரன். பன்யனின் பயணி காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடியதைத் தமிழில் எழுதியபோது இக்கவிஞரின் கை நடுங்கியிருக்குமா என்று கேட்பது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கேட்காமல் இருப்பதும் கடினம்.

தில்லையில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஆதனூர் நந்தனைத் தேடி அவர் கனவில் வந்தவர் கூத்தப்பெருமானே. இறைவன் விரும்பினார்; அழைத்தார். ஆயினும் நந்தனார் தீயில் மூழ்கி, முப்புரிநூலோடு முனிவராக எழுந்த பின்னரே உள்ளே செல்ல முடிந்தது. சீதையின் தீயும் நந்தனின் தீயும் ஒரே கேள்வியின் இரு வடிவங்கள். விரும்பப்பட்டவரே ஆயினும், அவர் இருக்கும் நிலையில் அவரை ஏற்க வீடு ஒப்புமா? சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கியதை இக்கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகளுள் ஒன்றாகவே கொள்ளலாம்.

இதனைக் கொண்டு கிறித்தவத் தரப்புக்கு மேன்மை பேச இடமில்லை. தீக்குப் பதிலாக அங்கே சுவர் இருந்தது. கிருஷ்ணபிள்ளையின் திருநெல்வேலிச் சீமையிலேயே, வடக்கன்குளத்துக் கத்தோலிக்கத் தேவாலயம் சாதிக்கு ஒரு கூடமாகச் சுவரால் பிரிக்கப்பட்டிருந்தது. அச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதனை ஒட்டி எழுந்த பூசல்களை ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சீர்திருத்தச் சபையினரும் இதற்கு விலக்கல்லர்; தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் காலத்தில் சாதி வழக்கங்களைக் குறித்து மறைப்பணியாளரோடு எழுந்த மோதல் வரலாற்றில் பதிவானது. கண்டெடுக்கப்பட்டவர்கள் தம்முள் யார் அருகில் யார் அமர்வது என்று வழக்காடினர்.

லூக்காவின் உவமைகள் பிறந்ததே இத்தகைய பூசலிலிருந்துதான் என்பதை மறக்கலாகாது. பாவிகளோடு இவர் உண்கிறாரே என்னும் முணுமுணுப்புக்கு விடையாகவே அம்மூன்று கதைகளும் சொல்லப்படுகின்றன. ஆகவே மூன்றாம் கதை இளைய மகனோடு முடியவில்லை. வயலிலிருந்து திரும்பும் மூத்த மகன் விருந்தொலி கேட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். அவன் ஒருநாளும் தொலைந்ததில்லை, உழைத்தவன், சொன்னது கேட்டவன்.

இரட்சணிய யாத்திரிகத்தின் வடிவம் இவனுக்கு இடம் தர இயலாதது. காப்பியத்தின் குறை என்று இதனைக் கூறுவதைவிட, பன்யனிடமிருந்து பெற்ற உருவகத்தின் எல்லை என்று கூறுவது நேர்மையாகும். ஒற்றையாகப் புறப்பட்டு ஒற்றையாகச் சுமை நீங்கி நகருக்குள் நுழையும் ஆன்மாவின் கதையில் துணைவர் உண்டு, பகைவர் உண்டு. வீட்டில் தங்கியிருந்த உடன்பிறப்புக்கு வேலை இல்லை. பயணம் வீட்டைவிட்டு வெளியேறும்போது தொடங்குகிறது. லூக்காவின் சிக்கலோ வீட்டுக்குள் நுழையும்போது தொடங்குகிறது. குமார பருவத்தின் கட்டுண்ட இறைவன் இவ்வுருவகத்தை ஓரளவு உடைத்துவிட்டான். பகைவரையும் விட்டுவிடாத அன்பு அங்கே பாடப்பட்டாயிற்று. அவ்வன்பு பகைவரை ஒருவர் அருகில் ஒருவராக எந்தப் பந்தியில் அமர்த்தும் என்பதற்குள் காப்பியம் செல்லவில்லை. பயணி எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறான்.

உவமையில் மூத்தவன் தந்தையிடம் பேசும்போது தம்பி என்னும் சொல்லைத் தவிர்த்து உம்முடைய மகன் என்கிறான். தந்தை விடையளிக்கையில் உன் சகோதரன் என்று திருத்துகிறார். அதன் பின் அவன் உள்ளே சென்றானா என்பதை லூக்கா எழுதவில்லை. அந்நாளில் தந்தை வீட்டைவிட்டு வெளியே வந்தது இரண்டாம் முறை. முதல் முறை இளையவனைத் தொலைவில் கண்டு ஓடினார். இம்முறை மூத்தவனை வருந்தி அழைத்தபடி நிற்கிறார். விருந்து உள்ளே நடக்கிறது; கதை நின்றுபோகும் இடத்தில் அவர் இன்னும் வெளியேதான் இருக்கிறார்.